கெரவலப்பிட்டிக்கு வராத எரிவாயு: ஒரு பாலத்தின் கணக்கு

இயற்கை எரிவாயுவுக்கென்றே வடிவமைத்துக் கட்டிய மின்நிலையம் ஒன்று கொழும்புக்கு வடக்கே கெரவலப்பிட்டியில் நிற்கிறது. பெயர் சோபாதனவி, 350 மெகாவாட், முதல் பகுதி 2024 இல் ஓடத் தொடங்கியது. ஓடுவது டீசலில். காரணம் எளிது: நான் இதை எழுதும்வரை இயற்கை எரிவாயு ஏற்றிய ஒரு கப்பல்கூட இலங்கைக்கு வந்து சேரவில்லை, வந்தாலும் இறக்குவதற்கு முனையம் இல்லை. பக்கத்திலேயே யுகதனவி என்ற 300 மெகாவாட் நிலையம், 2010 இலிருந்து உலை எண்ணெயில் ஓடுகிறது. அதையும் ஒருநாள் எரிவாயுவுக்கு மாற்றலாம் என்றுதான் அப்போதிருந்தே சொல்லி வருகிறார்கள்.

யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு உனக்கேன் கெரவலப்பிட்டிக் கதை என்று கேட்கலாம். மின்கட்டணம் எல்லாருக்கும் ஒன்றுதான், அது ஒரு காரணம். மற்றது, நிலக்கரியிலிருந்து காற்றுக்கும் வெயிலுக்கும் போய்ச் சேரும்வரை எரிவாயு ஒரு பாலம் என்கிறார்கள். அந்தப் பாலம் எந்தக் கரைக்குப் போடப்படுகிறது என்று சொல்கிறார்களோ, அந்தக் கரை இங்கேதான் இருக்கிறது. மன்னார், பூநகரி, பளை என்று காற்றும் வெயிலும் மிஞ்சிக் கிடக்கிற பக்கம் எங்கட பக்கம்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வீட்டில் சமைக்கிற சிலிண்டர் காஸ் வேறு, இது வேறு. சிலிண்டரில் இருப்பது புரொப்பேனும் பியூட்டேனும். இங்கே பேசுவது மெதேன், அதை மைனஸ் 162 பாகைக்குக் குளிர்வித்து, பருமனை அறுநூற்றில் ஒன்றாக்கி, திரவமாகக் கப்பலில் ஏற்றிக் கொண்டுவரவேண்டும். இந்தக் குளிர்விப்பில்தான் முழுக்கதையும் இருக்கிறது.

பாலம் என்றால் என்ன சொல்கிறார்கள்

நிலக்கரியில் ஒரு யூனிட் மின்சாரம் எடுத்தால் ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவான கரியமிலவாயு வெளியேறும். நல்ல எரிவாயு நிலையத்தில் அது 360 கிராம் அளவுதான். காற்றும் சூரியனும் முழுதாக வந்து சேரும்வரை நிலக்கரியின் இடத்தில் எரிவாயுவை வைத்தால் பாதிக்கு மேல் மிச்சம், அதோடு எரிவாயு இயந்திரத்தை வேகமாக ஏற்றி இறக்கலாம் என்பதால் வெயில் மறையும் நேரத்துக்கும் காற்று விழும் நேரத்துக்கும் துணைக்கு நிற்கும். வாதம் இதுதான், முட்டாள்தனமான வாதம் இல்லை. அமெரிக்காவில் 2005 அளவில் மின்சாரத்தில் பாதி நிலக்கரியிலிருந்து வந்தது, இப்போது ஆறில் ஒரு பங்குதான், அந்த வீழ்ச்சியில் பெரும்பங்கு எரிவாயுவின் வேலை. பிரித்தானியா 1990களில் எரிவாயுவுக்குத் தாவி, பிறகு கடற்காற்றுக்குப் போய், 2024 செப்டெம்பர் 30 இல் தன் கடைசி நிலக்கரி நிலையத்தை மூடியது. ஆக, பாலம் சில இடங்களில் வேலை செய்திருக்கிறது.

ஆனால் அந்த இரண்டு நாடுகளுக்கும் எரிவாயு சொந்த நிலத்திலும் சொந்தக் கடலிலும் கிடைத்தது, குழாயில் வந்தது.

கசிவுக் கணக்கையும் போட்டுப் பார்க்கவேண்டும். ஒரு யூனிட்டுக்கு ஏறக்குறைய 130 கிராம் மெதேன் எரிகிறது. கிணற்றிலிருந்து மின்நிலையம் வரை வரும் வழியில் அதில் 3 வீதம் கசிந்தால் 4 கிராம். நாலு கிராம்தானே என்று விடமுடியாது, 20 வருடக் கணக்கில் மெதேன் கரியமிலவாயுவைவிட 80 மடங்குக்கு மேல் வெப்பத்தைப் பிடிக்கும், எனவே அந்த நாலு கிராம் 320 கிராமுக்குச் சமம். 360 கிட்டத்தட்ட 680 ஆகிவிடுகிறது. குளிர்விக்கவும் கப்பலை ஓட்டவும் எரிப்பதை இதில் இன்னும் சேர்க்கவில்லை. அமெரிக்க எரிவாயுத் துறையின் கசிவு 2.3 வீதம் என்று 2018 இல் ஓர் ஆய்வு கணித்தது, அது அரசாங்கக் கணக்கைவிட 60 வீதம் கூட. நிலக்கரியைவிட மோசம் என்று நான் அடித்துச் சொல்லமாட்டேன், ஆனால் 'பாதிக்கு மேல் மிச்சம்' என்ற பேச்சை அப்படியே நம்பவும் மாட்டேன்.

கப்பல் ஏன் வரவில்லை

2011 இல் மன்னார்க் கடற்படுகையில் கெயர்ன் நிறுவனம் துளையிட்டு டொராடோ, பராகுடா என்று இரண்டு இடங்களில் எரிவாயுவைக் கண்டது. அப்போது இங்கே டீக்கடைவரை அதுதான் கதை, நாடே பணக்கார நாடாகப் போகிறது என்று. 2015 இல் கெயர்ன் வெளிக்கிட்டுப் போய்விட்டது. இன்றுவரை அந்தக் கடலிலிருந்து வர்த்தக அளவில் எதுவும் எடுக்கவில்லை.

பிறகு 2021 செப்டெம்பரில் அமெரிக்காவின் நியூ ஃபோர்ட்ரஸ் எனர்ஜியுடன் ஓர் ஒப்பந்தம். யுகதனவி நிலையத்தை வைத்திருக்கும் கம்பனியில் 40 வீதப் பங்கு 25 கோடி டொலருக்கு, கூடவே கெரவலப்பிட்டிக் கரைக்கு அப்பால் மிதக்கும் முனையம் அமைத்து எரிவாயு வழங்கும் உரிமை. அமைச்சரவைக்குள் இருந்தே மூன்று அமைச்சர்கள் எதிர்த்தார்கள், மின்சார சபைத் தொழிற்சங்கங்கள் எதிர்த்தன, உயர் நீதிமன்றத்துக்கு மனுக்கள் போயின. 2022 இல் நாட்டின் டொலர் முடிந்தபோது அந்தத் திட்டமும் அதோடு அடங்கிப்போனது. இந்த இழுபறியில் யார் செய்தது சரி, யார் செய்தது பிழை என்று பிரிப்பது வேறு வேலை. எனக்கு முக்கியமாகப் படுவது, எதிர்த்தவர்களும் ஆதரித்தவர்களும் விலையையும் இறைமையையும் பற்றித்தான் சண்டை பிடித்தார்கள், வருடத்தில் எத்தனை மணித்தியாலம் அந்த எரிவாயு எங்களுக்குத் தேவை என்ற கேள்வி அநேகமாக மேசைக்கே வரவில்லை.

அந்தக் கேள்வியை இப்போது போட்டுப் பார்ப்போம்.

மணித்தியாலக் கணக்கு

மிதக்கும் முனையம் என்பது ஒரு கப்பல். திரவ எரிவாயுவைச் சேமித்து, மீண்டும் வாயுவாக்கி, குழாயில் அனுப்பும். அதற்கு உலகச் சந்தையில் நாளொன்றுக்கு ஒரு இலட்சம் டொலர் அளவில் வாடகை என்று வைத்துக்கொள்வோம். எரிவாயு எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் வாடகை வாடகைதான், கலியாண மண்டபம் மாதிரி, ஆயிரம் பேர் வந்தாலும் அம்பது பேர் வந்தாலும் அதே காசு. வருடத்துக்கு 3 கோடியே 65 இலட்சம் டொலர்.

350 மெகாவாட் நிலையம் வருடத்தில் 70 வீத நேரம் ஓடினால், அந்த வாடகை ஒரு யூனிட்டுக்கு 1.7 அமெரிக்க சதம். பரவாயில்லை. எரிவாயு விலை, சந்தையில் வழக்கமாகச் சொல்லும் அலகான பத்து இலட்சம் பிரித்தானிய வெப்ப அலகுக்கு (MMBtu) 12 டொலர் என்றால் எரிபொருளுக்கு 7.4 சதம். இரண்டும் சேர்ந்து 9 சதம், அதே இயந்திரத்தில் டீசல் எரித்தால் வரும் 12 சதம் அளவுக்குக் கீழே. எரிவாயு வென்றுவிட்டது.

ஆனால் பாலம் என்று சொன்னால் அது நாளுக்கு நாள் குறைவாக ஓடவேண்டும், இல்லையா? காற்றாலையும் சூரியனும் கூடக்கூட, அந்த நிலையம் மாலை உச்ச நேரத்துக்கும் மழை நாட்களுக்கும் மட்டும் என்று ஒதுங்கவேண்டும். வருடத்தில் 10 வீத நேரம் என்று வைத்தால், அதே கப்பல் வாடகை யூனிட்டுக்கு 12 சதம் ஆகிறது. எரிபொருளோடு சேர்த்து 19 சதத்துக்கு மேல். டீசல் அதே 12 சதத்தில் நிற்கிறது, ஏனென்றால் டீசலுக்குத் தாங்கி போதும், கப்பலை வருடம் முழுக்கக் கட்டி வைத்திருக்கத் தேவையில்லை. யுகதனவியையும் எரிவாயுவுக்கு மாற்றி இரண்டு நிலையங்களுக்கும் வாடகையைப் பங்கு போட்டாலும் 10 வீத ஓட்டத்தில் 14 சதத்துக்குக் கிட்ட வருகிறது, அப்போதும் டீசலைத் தாண்டித்தான்.

ஒரே நிலையம் என்றால் வருடத்தில் கால்வாசி நேரத்துக்குக் கீழே ஓடும்போது திரவ எரிவாயு டீசலிடமே தோற்கிறது, அதற்கு மேல் ஓடினால்தான் வெல்கிறது. கூட ஓடவேண்டுமென்றால் மன்னார்க் காற்றையும் கூரை வெயிலையும் ஒதுக்கவேண்டும். பாலத்தைக் கட்டினால் அதற்குக் காசு கட்டுவதற்காகவே மறுகரைக்குப் போகாமல் பாலத்தின்மேல் நிற்கவேண்டிய நிலை. இதற்குமேல் ஒப்பந்தங்களில் வழக்கமாக வரும் 'எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் இவ்வளவுக்குக் காசு கட்டு' என்ற வாசகத்தை 15, 20 வருடத்துக்குச் சேர்த்துவிட்டால் கதை முடிந்தது.

விலை 12 டொலரில் நிற்கும் என்றும் யாரும் உறுதி தரமாட்டார்கள். ஆசியச் சந்தையில் 2020 இல் 2 டொலர் அளவுக்கு விழுந்த அதே சரக்கு 2022 ஓகஸ்டில் 70 டொலருக்குப் போனது. அந்த விலையில் எரிபொருள் மட்டும் யூனிட்டுக்கு 43 சதம். அந்த வருடம் மார்ச் கடைசியில் நாங்கள் 13 மணித்தியால மின்வெட்டில் இருந்தோம், டீசலுக்கே டொலர் இல்லை.

பாகிஸ்தான் இந்தப் பாலத்தில் ஏறி நடந்தே பார்த்த நாடு. முனையம் கட்டினார்கள், நிலையம் கட்டினார்கள், நீண்டகால ஒப்பந்தமும் போட்டார்கள். 2022 ஜூலையில் சரக்குக்கு விலைமனு கோரியபோது ஒருவர்கூட விலை கொடுக்கவில்லை, ஐரோப்பா அதைவிட அதிகக் காசு கொடுத்து வாங்கிக்கொண்டிருந்தது. கட்டணம் ஏற, சனம் தாங்களாகவே சீனப் பலகைகளை வாங்கிக் கூரையில் போடத் தொடங்கினார்கள், 2024 இல் மட்டும் 17,000 மெகாவாட் அளவுக்குப் பலகைகள் இறக்குமதியாகின. அதன்பிறகு ஒப்பந்தப்படி வரவேண்டிய எரிவாயுவை எரிக்க இடமில்லாமல் கப்பல்களைப் பிந்தி அனுப்புங்கள் என்று கட்டாரிடம் கேட்கவேண்டியதாயிற்று. கேட்டதற்கு வராத எரிவாயு, கேட்காதபோது வந்து நின்றது.

எதிர்ப்பக்கத்தின் பலமான வாதம்

2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை, காலை 11 மணி கடந்து நாடு முழுக்க கரண்ட் போனது. பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு. குரங்கைப் பற்றிய பகிடிகள் அடங்கிய பிறகுதான் பொறியியலாளர்கள் சொன்னது காதில் விழுந்தது: ஞாயிறு என்பதால் தேவை குறைவு, வெயில் நல்ல வெயில், கூரைகளிலிருந்து வந்த மின்சாரத்தின் பங்கு கூட, சுழன்றுகொண்டிருந்த பாரமான இயந்திரங்கள் குறைவு. ஒரு இடத்தில் அடி விழுந்தபோது அதைத் தாங்கிக்கொள்ள சுழலும் பாரம் போதவில்லை. நுரைச்சோலை நிலக்கரி நிலையத்தின் மூன்று இயந்திரங்களும் நின்றன, அவை திரும்பிவர நாட்கள் எடுத்ததால் அடுத்தடுத்த நாட்களில் முறைவைத்து மின்வெட்டு. அந்த ஏப்ரலில், புத்தாண்டு விடுமுறையில், பகலில் உங்கள் சூரிய மின்னை நிறுத்தி வையுங்கள் என்று மின்சார சபையே கூரைக்காரரிடம் கேட்டது.

இது எங்கட ஊரிலும் கண்ணால் பார்க்கக்கூடிய விசயம். கோண்டாவிலில் லைனின் கடைசியில் இருக்கும் ஒரு வீட்டில் மத்தியானம் இன்வேட்டரின் சின்னத் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வோல்ற்றேஜ் எண் ஏறிக்கொண்டே போய் 250 ஐத் தாண்டியதும் உள்ளே டக் என்று ஒரு சத்தம், பச்சை லைற் சிவப்பானது, உற்பத்தி பூச்சியம். கொஞ்ச நேரத்தில் திரும்பப் பச்சை, திரும்ப ஏற்றம், திரும்ப டக். வெளியே கொளுத்துகிற வெயில், கூரையில் முழுப் பலகையும் சும்மா கிடக்கிறது. ஒழுங்கை முழுக்க எல்லாரும் ஒரே நேரத்தில் மின்சாரத்தை லைனுக்குள் தள்ளினால் அப்படித்தான், அதே வீட்டில் இரவு ஏழு மணிக்கு வோல்ற்றேஜ் இறங்கி ஃபான் சோம்பிச் சுற்றும்.

ஆக, துணை இயந்திரம் தேவையில்லை என்று யாராவது சொன்னால் அவர் இந்தப் பக்கத்தைப் பார்க்கவில்லை. வடக்கின் காற்றுக்கும் பருவம் இருக்கிறது. கடற்றொழிலாளரிடம் கேட்டால் தெரியும், மே மாதத்திலிருந்து சோளகம் அடிக்கும், அப்போது மன்னார் தம்பபவனியின் 30 காற்றாலைகளும் ஓய்வில்லாமல் சுழலும். மார்கழி, தையில் வாடை, வல்வெட்டித்துறைப் பட்டங்கள் ஏறுகிற காற்று. இடையில் பங்குனி, சித்திரையில் காற்றுச் செத்துவிடும், மலைநாட்டு நீர்த்தேக்கங்களும் வற்றும், புழுக்கத்தில் எல்லாரும் ஃபானும் ஏசியும் போடுவார்கள். வெயில் மட்டும் மிச்சம். பகலை வெயில் பார்த்துக்கொள்ளும், இரவுக்கு ஒன்று வேண்டும்.

அந்த ஒன்று எரிவாயுக் கப்பலாக இருக்கவேண்டும் என்பதில்தான் எனக்கு உடன்பாடில்லை. தென் அவுஸ்திரேலியா 2016 மே மாதம் தன் கடைசி நிலக்கரி நிலையத்தை மூடி, அதே வருடம் செப்டெம்பரில் மாநிலம் முழுக்க இருட்டில் விழுந்தது. 2017 இல் 100 மெகாவாட் பற்றரியை வைத்தார்கள், பிறகு எரிபொருள் எரிக்காமல் வெறுமனே சுழன்று வலையமைப்பைத் தாங்கும் பாரமான இயந்திரங்கள் நான்கு. இன்று அங்கே மின்சாரத்தில் 70 வீதமளவு காற்றும் சூரியனும். மிச்சத்தில் பெரும்பகுதி எரிவாயுதான், அதை மறைக்கத் தேவையில்லை, ஆனால் அது உள்நாட்டுக் குழாயில் வரும் எரிவாயு, ஏற்கனவே இருந்த நிலையங்கள். இங்கேயும் 2025 இல் மின்சார சபை 160 மெகாவாட், 640 மெகாவாட் மணித்தியாலப் பற்றரிகளுக்கு விலைமனு கோரியது. பற்றரியின் விலை 2024 இல் உலகச் சராசரியாகக் கிலோவாட் மணித்தியாலத்துக்கு 115 டொலருக்கு வந்துவிட்டது. மகா ஓயாவில் 600 மெகாவாட் நீரேற்று நிலையத் திட்டமும் (மிஞ்சும் மின்சாரத்தில் தண்ணீரை மேலே ஏற்றி வைத்து, தேவைப்படும்போது இறக்கி மின்சாரம் எடுப்பது) இருக்கிறது, அது எப்போது முடியுமோ தெரியாது, இலங்கைத் திட்டம்.

சுன்னாகத்தை மறந்துவிட்டு டீசலைப் பேசமுடியாது

குறைந்த மணித்தியாலத்துக்கு டீசல் மலிவு என்று மேலே எழுதியதை யாழ்ப்பாணத்தில் ஒருவர் வாசித்தால் முதலில் கேட்பது கிணற்றைப் பற்றித்தான். நியாயம். போர்க்காலத்தில் தேசிய வலையமைப்போடு தொடர்பறுந்த குடாநாடு, 2013 வாக்கில் கிளிநொச்சி வழியாக 132 கிலோவோல்ற் லைன் வந்து சேரும்வரை சுன்னாகத்து எண்ணெய் இயந்திரங்களை நம்பித்தான் இருந்தது. அதுவும் ஒரு பாலம்தான், தற்காலிகம் என்றுதான் சொன்னார்கள். கீழே சுண்ணாம்புக்கல், மேலே ஊற்றினது அப்படியே நிலத்தடி நீருக்குப் போகும். சுன்னாகத்தைச் சுற்றிய கிணறுகளில் எண்ணெய் மிதந்தது. வழக்கு உயர் நீதிமன்றம்வரை போய், 2019 ஏப்ரலில் அங்கே இயங்கிய தனியார் மின்நிலையம் 2 கோடி ரூபா நட்டஈடு கட்டவேண்டும் என்று தீர்ப்பு வந்தது. ஒரு ஊரின் தண்ணீருக்கு 2 கோடி.

இந்த இடத்தில் எரிவாயுவுக்குரிய மதிப்பைக் கொடுத்தே ஆகவேண்டும்: அது கசிந்தால் வானத்துக்குப் போகும், கிணற்றுக்குள் இறங்காது. அதனால் டீசல் துணை என்று நான் சொல்வது கெரவலப்பிட்டியில் ஏற்கனவே நிற்கிற இயந்திரத்தைப் பற்றி, தாங்கிக்குத் தடுப்புச் சுவரும் கழிவெண்ணெய்க்குக் கணக்கும் இருக்கிற இடத்தில், வருடத்தில் கொஞ்ச நேரத்துக்கு. சுண்ணாம்புக்கல்லின் மேல் இன்னொரு எண்ணெய் நிலையம் வேண்டாம், அது யாருடையதாக இருந்தாலும்.

வெளியிலிருந்து வரும் எரிபொருளை நம்பினால் என்ன நடக்கும் என்று இங்கே பாடம் எடுக்கத் தேவையில்லை. 1990களின் பொருளாதாரத் தடையில் ஜாம் போத்தலுக்குள் பஞ்சு வைத்து விளக்கெரித்து மண்ணெண்ணெய் சிக்கனம் பிடித்தவர்களும், சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோவில் செய்தி கேட்டவர்களும் இன்னும் எல்லா வீட்டிலும் இருக்கிறார்கள்.

தீவுகள்

இதே கேள்விக்குச் சின்ன அளவில் ஒரு விடை குறிகட்டுவானுக்கு அப்பால் இருக்கிறது. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றும் தேசிய வலையமைப்பில் இல்லை, டீசல் ஜெனரேற்றர்தான், அந்த டீசலும் கடல் தாண்டிப் போகவேண்டும். 2021 இல் ஒரு சீனக் கம்பனிக்குக் கலப்பு மின்திட்டம் கொடுக்கப்பட்டது, இந்தியா முகம் சுளித்தது, சீனா விலகியது, 2022 இல் இந்தியா 1 கோடியே 10 இலட்சம் டொலர் மானியத்தோடு வந்தது, 2024 மார்ச்சில் பெங்களூர் கம்பனி ஒன்றோடு ஒப்பந்தம். புவிசார் அரசியலை விட்டுவிட்டு அளவுகளை மட்டும் பாருங்கள்: சூரியன் 1,700 கிலோவாட், காற்று 530, பற்றரி 2,400 கிலோவாட் மணித்தியாலம், காத்திருப்புக்கு டீசல் 2,500 கிலோவாட். டீசலின் திறன்தான் எல்லாவற்றிலும் பெரிது, ஆனால் அது ஓடுவதற்காக வைத்ததல்ல, மற்றவை விழும் நாளுக்காக வைத்தது. இடைக்கால எரிபொருள் என்று புதிதாக ஒன்றை யாரும் கேட்கவில்லை. இருந்த இயந்திர வகையை வைத்துக்கொண்டு, அது ஓடும் மணித்தியாலத்தைக் குறைக்கிறார்கள்.

சம்பூரிலும் பெரிய அளவில் அதுதான் நடந்தது. 500 மெகாவாட் நிலக்கரி நிலையம் வரவிருந்த இடம், 2016 இல் அது கைவிடப்பட்டது, 2025 ஏப்ரலில் 120 மெகாவாட் சூரிய மின் நிலையத்துக்கு அடிக்கல். நடுவில் எரிவாயு வரவில்லை.

காற்றின் விலையையும் ஒருக்கால் பார்க்கவேண்டும். அதானி மன்னாரிலும் பூநகரியிலும் கேட்டது யூனிட்டுக்கு 8.26 சதம், 2025 பெப்ரவரியில் விலகியது. மன்னாரில் 50 மெகாவாட்டுக்கு உள்ளூர்க் கம்பனி ஒன்று போட்டி விலைமனுவில் கொடுத்தது 4.65 சதம். ஆனால் இந்த மலிவுக் காற்றும் சும்மா வராது. மன்னார்ச் சனம் 2025 இல் வீதிக்கு இறங்கினார்கள், வெள்ளம் வடிகிற வழி, பறவைகள் வந்திறங்கும் இடம், மீன்பிடி என்று அவர்கள் கேட்கிற கேள்விகளுக்குப் பதில் சொல்லாமல் கோபுரம் நட்டால் மறுகரையும் கிடைக்காது. எரிவாயு முனையத்துக்குச் செலவாகக்கூடிய அரசியல் சக்தியில் பாதியை மன்னாரில் உட்கார்ந்து பேசச் செலவழிக்கலாம் என்பது என் அபிப்பிராயம்.

சரி, எரிவாயுவுக்குக் கதவே கிடையாதா என்றால், அப்படியில்லை. நுரைச்சோலையின் 900 மெகாவாட்டை வயது முடிவதற்கு முன்னரே மூடுவதென்று எழுத்தில் உறுதி வந்து, அந்த இடத்தை நிரப்ப எரிவாயு என்றால், ஓட்டம் கூட இருக்கும், கப்பல் வாடகையும் தாங்கும், கணக்கு மாறும். ஐந்து வருடத்துக்கு மேற்படாத வாடகை, எடுக்காத எரிவாயுவுக்குக் காசு இல்லை, ஒப்பந்தம் கையெழுத்தாகும் முன் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழுவில் பகிரங்க விசாரணை, இவ்வளவும் இருந்தால் நான் எதிர்க்கமாட்டேன். நிலக்கரி அப்படியே ஓடட்டும், அதற்குமேல் 20 வருட எரிவாயுவும் வரட்டும் என்று ஒரு காகிதம் அமைச்சரவைக்கு வந்தால், அதில் பாலம் என்ற சொல்லைத் தாண்டி, எடுக்காவிட்டாலும் காசு கட்டவேண்டிய உத்தரவாத அளவு எவ்வளவு என்ற வரியைத் தேடி வாசியுங்கள். அநேகமாக அது கடைசிப் பக்கத்து இணைப்பில்தான் இருக்கும்.